கண் மேசையும் எலும்பு மேசையும்: வடசென்னையில் மருத்துவ முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காசிமேடு, ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் இலவச மருத்துவ முகாம் நடத்தும் மன்றத்தார், குடியிருப்போர் சங்கத்தார், கேரம் கிளப் தம்பிகள், மீனவர் பஞ்சாயத்துப் பெரியவர்கள், மகளிர் குழு அக்காமார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் கண் பார்த்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். உங்களில் பலர் போடும் பந்தலில் கண் மேசையில் உட்கார்ந்திருப்பவள். ஏப்ரல் 14 என்றாலும் சரி, தலைவர் பிறந்தநாள் என்றாலும் சரி, கூப்பிட்டால் டார்ச்சையும் லென்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதனால் இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கண் மேசையையும் எலும்பு மேசையையும் பந்தலின் இரண்டு மூலைகளில் போடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே அட்டை கொடுங்கள். பிள்ளையோடு வருகிறவர்களிடம் சில கேள்விகளைக் கூடுதலாகக் கேளுங்கள். செலவு எதுவும் இல்லை. ஆனால் ஏன் என்று கேட்பீர்கள் இல்லையா, அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்ணுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று பொதுவாக யாரும் யோசிப்பதில்லை. ஆஸ்பத்திரியிலும் அது வேறு கட்டடம், இது வேறு கட்டடம். ஆனால் உடம்புக்குள் இரண்டையும் கவனிக்கும் ஒரே மரபணு உண்டு. அதன் பெயர் எல்ஆர்பி5. மனிதனின் 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. இந்த மரபணு சொல்லும்படி உருவாகும் புரதம், செல்லின் மேற்பரப்பில் ஒரு ஏற்பியாக, ஆங்கிலத்தில் ரிசெப்டர் என்கிறார்களே, அப்படி நிற்கும். வெளியிலிருந்து வரும் சேதியைப் பிடித்து உள்ளே கொடுப்பது அதன் வேலை.

விடிகாலையில் காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். ஏலம் விடுகிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும், எதிரே கேட்டு வாங்க ஆள் நிற்கவில்லை என்றால் கூடை அங்கேயே கிடக்கும். உடம்பில் எல்ஆர்பி5 அந்தக் கேட்கிற ஆள். கூடவே ஃப்ரிஸில்ட் என்ற இன்னொரு ஏற்பியும் பக்கத்தில் நிற்கும். இரண்டும் சேர்ந்து பிடித்தால்தான் சேதி உள்ளே போகும்.

எலும்பில் கூவுவது வின்ட் என்ற புரதக் குடும்பம். அது ஃப்ரிஸில்டையும் எல்ஆர்பி5ஐயும் சேர்த்துப் பிடித்ததும், செல்லுக்குள்ளே பீட்டா-கேட்டனின் என்ற பொருள் சிதையாமல் சேரும். சேர்ந்தது உட்கருவுக்குள் போய், எலும்பு கட்டும் செல்களை வேலையைத் தொடங்கச் சொல்லும். ஏற்பி கெட்டுப்போனால் உத்தரவு போய்ச் சேராது, எலும்பு மெலிந்துபோகும். அப்புறம் லேசாகத் தட்டினாலே முறியும்.

கண்ணில் கூவுவது வேறு ஆள். நோரின் என்ற புரதம். விழித்திரையில் இருக்கும் முல்லர் செல்கள் அதைச் சுரக்கின்றன. அது பிடிக்கும் ஃப்ரிஸில்ட் நான்காம் எண். ஆனால் பக்கத்தில் நிற்பது அதே எல்ஆர்பி5தான். கருவிலிருக்கும் குழந்தையின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் ஏறத்தாழ 16ஆவது வாரத்தில் பார்வை நரம்பின் முனையிலிருந்து கிளம்பி, பிரசவ நேரம் நெருங்கும்போதுதான் ஓரம்வரை போய்ச் சேரும். அவற்றை அதுவரை வளர்த்துக்கொண்டு போவது இந்தச் சேதி. அது கிடைக்கவில்லை என்றால் குழாய்கள் பாதி வழியில் நின்றுவிடும். கருவில் மட்டும் இருந்து பிறகு மறைய வேண்டிய கண்ணின் நடுக் குழாய்கள் மறையாமல் தங்கிவிடும். விழித்திரை சுருங்கிப் பிய்ந்து வந்துவிடலாம். பிள்ளை பார்வையில்லாமலே பிறக்கும், அல்லது கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வை போய்விடும்.

இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும், அப்பா தந்ததும் அம்மா தந்ததும், கெட்டிருந்தால் இரண்டும் ஒன்றாக வரும்: சிறு வயதிலேயே பார்வையின்மை, சிறு வயதிலேயே எலும்பு மெலிவு. ஒரு காலத்தில் இதைப் பிறவி எலும்பு முறிவு நோயிலேயே கண்ணையும் தாக்கும் ஒரு வகை என்றுதான் நினைத்திருந்தார்கள். காரணம் எல்ஆர்பி5தான் என்று உறுதியானது 2001இல்.

அதே சமயத்தில் நடந்த இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான். அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு குடும்பத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வீட்டு இளம்பெண் 18 வயதில் கார் விபத்தில் சிக்கி, எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு அளவுக்கு மீறி அடர்த்தியாகத் தெரிந்தது. வீட்டில் மற்றவர்களையும் பார்த்தால் பலருக்கும் அப்படியே, ஆனால் நோய் எதுவும் இல்லை. 1997இல் அந்தக் குணம் 11ஆவது குரோமோசோமில் எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தார்கள். பார்த்தால், எலும்பு மெலிந்து பார்வையும் போகும் நோய்க்கு 1996இல் வேறு குழு குறித்துவைத்திருந்த இடமும் அதுவே. 2002இல் முடிச்சு அவிழ்ந்தது. ஒரே மரபணு. கெட்டுப்போனால் எலும்பு நொறுங்குகிறது. புரதத்தின் 171ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் எலும்பு இரும்பாகிறது. கனெக்டிகட்டிலும் அதே மாற்றம் உள்ள ஒரு குடும்பம் கிடைத்தது. அகலமான தாடை, மேலண்ணத்தில் எலும்புப் புடைப்பு. எலும்பு அடர்த்தி இப்படிக் கூடியவர்களில் சிலர், நீந்தும்போது மிதக்கவே சிரமமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் கடலோரத்துப் பையன்களில் எவனாவது அப்படிச் சொன்னால், நீச்சல் தெரியவில்லை என்றுதான் கிண்டல் செய்வோம்!

அந்த ஒரு அமினோ அமிலம் மாறினால் எலும்பு ஏன் கூடுகிறது? எலும்புக்குள் புதைந்திருக்கும் முதிர்ந்த செல்கள் ஸ்க்லெரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது எல்ஆர்பி5மீது போய் உட்கார்ந்து, போதும் கட்டினது என்று பிரேக் போடும். 171ஆவது இடம் மாறியவர்களிடம் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. இந்த அறிவிலிருந்து மருந்தே வந்துவிட்டது. ஸ்க்லெரோஸ்டினைப் பிடித்துவைக்கும் ரோமோசோசுமாப் என்ற ஊசிக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு முறியும் ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு மாதம் ஒரு முறை, ஓராண்டுக்கு. மாரடைப்பு, பக்கவாத எச்சரிக்கை அந்த மருந்தின் பெட்டியிலேயே உண்டு, ஆகவே யாரும் முகாமில் வந்து அந்த ஊசி இருக்கிறதா என்று கேட்க வேண்டாம்.

சரி, முகாமுக்கு வருகிறேன்.

போன கோடையில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் முகாம். வாசல் பக்கம் கண். கடைசி வகுப்பறையில், மாத்திரை கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த, எலும்பு அடர்த்தி பார்க்கும் குதிகால் மெஷினோடு எலும்பு. நடுவில் சுகர், பிரஷர், பல். ஒரு ஆயா, ஒன்பது பத்து வயதிருக்கும் பேரனைத் தோளில் சாய்த்தபடி என்னிடம் வந்தார். பையனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே பார்வை இல்லை. கண் சிறுத்து உள்ளே போயிருந்தது. டார்ச் அடித்தால் கண்மணிக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு திரை. பார்வைக் குறைபாட்டுக்கு அடையாள அட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். கண்ணாடி எழுத ஒன்றும் இல்லை. வழக்கமாக இங்கே என் அட்டையில் ஒரு கோடு போட்டு அனுப்புவதோடு முடியும். ஆனால் பையனின் இடது முழங்கையில் மாவுக்கட்டு அவிழ்த்த வெளுப்பு தெரிந்தது. என்ன ஆயா கையில என்றேன்.

"கண்ணு தெரியாத புள்ளம்மா. எங்கியாச்சும் முட்டிக்கினு வுழுந்துடுது. அதான் ஒடைச்சிக்குது. போன வருசம் தொடை."

எலும்பு மேசைக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தார்கள். குதிகாலை வைக்கும் தொட்டியில் பையனின் கால் சரியாகப் பொருந்தவே இல்லையாம், இருந்தும் ஒரு சீட்டு வந்திருக்கிறது. பெரியவர்களுக்கான அளவுகோலில் ஒரு மைனஸ் எண். கூடவே ஒரு அட்டை கால்சியம் மாத்திரை. கண் தெரியாது என்று அந்த மேசையின் சீட்டில் ஒரு எழுத்துகூட இல்லை, என் சீட்டில் எலும்பைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஆயாவின் தலையில் மட்டும் இரண்டும் சேர்ந்திருந்தன, அதுவும் தப்பான கணக்காக: கண் தெரியாததால் விழுகிறான், விழுவதால் உடைகிறது.

இந்தக் கணக்கை ஆயா மட்டும் போடவில்லை. படித்தவர்களும் இதையேதான் போடுகிறார்கள். பார்வையில்லாத பிள்ளை கொஞ்சம் கூடுதலாக விழும், உண்மை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தொடை எலும்பு என்பது கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுக்கினால் உடைகிற பொருளா? பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், எப்படி ஓடுகிறார்கள், எப்படி மோதிக்கொண்டு எழுந்து மறுபடி ஓடுகிறார்கள் என்று. அந்தப் பையனுக்கு இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதி எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்தத் தாள்தான் முகாமில் இல்லாத பொருள்.

உடனே ஒரு தம்பி கேட்பான், அக்கா இது லட்சத்தில் ஒருத்தருக்கு வருமா என்று. அதைவிடவும் அரிது, இருபது லட்சம் பேரில் ஒருவர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இதற்காகப் பந்தலை மாற்றிப் போடணுமா? நியாயமான கேள்வி. என் பதில், கண்ணும் எலும்பும் கைகோர்த்து வருவது இந்த ஒரு நோயில் மட்டும் இல்லை என்பது.

வெள்ளை விழி நீலம் பாய்ந்து எலும்பு அடிக்கடி முறிந்தால் அது கொலாஜன் மரபணுவில் வரும் பிறவி எலும்பு முறிவு நோயாக இருக்கலாம். இதற்கு நேரெதிராக, எலும்பை அரித்துச் சீர்செய்யும் செல்கள் வேலை செய்யாமல் எலும்பு கல்லாக இறுகும் நோயும் உண்டு. மண்டையோட்டில் பார்வை நரம்பு போகும் துவாரம் குறுகி நரம்பை நெரித்துவிடும். எலும்பு கூடினாலும் கண் போகும் என்பது அங்கே தெரியும். கைக்குழந்தையிலேயே தீவிரமாக வருகிற வகையை நேரத்தோடு கண்டால் எலும்பு மஜ்ஜை மாற்று செய்ய வழியிருக்கிறது. ஹோமோசிஸ்டினூரியா என்று இன்னொன்று: கண்ணின் லென்ஸ் இடம் விட்டு நழுவும், பிள்ளை நெடுநெடுவென்று வளரும், எலும்பு மெலியும், இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அதில் ஒரு பகுதியினருக்கு வைட்டமின் பி6 கொடுத்தாலே நன்றாகக் கேட்கிறது. வெறும் பவர் கண்ணாடி என்று எழுதிக் கொடுத்து அனுப்பினால் எவ்வளவு பெரிய இழப்பு பாருங்கள்.

எல்ஆர்பி5இலேயே இன்னொரு முகம் இருக்கிறது, அது இவ்வளவு அரிதும் இல்லை. விழித்திரையின் ஓரம்வரை குழாய் போய்ச் சேராத குறைபாட்டை 1969இல் கிரிஸ்விக், ஷெப்பன்ஸ் என்ற இருவர் விவரித்தார்கள். எல்ஆர்பி5, ஃப்ரிஸில்ட் நான்கு, நோரின், டிஎஸ்பிஏஎன்12 ஆகிய மரபணுக்களில் எதில் கோளாறு வந்தாலும் அது வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு போலவே இருக்கும், ஆனால் இது நிறைமாதக் குழந்தைக்கு வரும். ஒரே வீட்டில் ஒருவருக்குப் பார்வை போயிருக்கும், இன்னொருவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, ஓரத்தில் மட்டும் குழாய் குறைந்திருக்கும். கை இரத்தக்குழாயில் சாயம் ஏற்றி விழித்திரையைப் படம் எடுத்தால்தான் தெரியும். அந்த நிலையில் கண்டால் லேசர் வைத்துக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு பிள்ளைக்குக் கண் போய்விட்டதே, இனி என்ன என்று விடக் கூடாது. தம்பி தங்கைகளின் கண்ணையும் பார்க்க வேண்டும். எல்ஆர்பி5இல் கெட்ட பிரதி ஒன்று மட்டும் உள்ள பெற்றோருக்குப் பார்வை நன்றாகவே இருக்கலாம், ஆனால் எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கலாம். அவர்களுக்கு அதை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது.

சொந்தத்தில் கல்யாணம் பற்றி எழுதாமல் இந்த மடல் முழுசாகாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது. தாய்மாமனைக் கட்டினால், பிறக்கும் பிள்ளையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கில் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. மூதாதையிடம் ஒளிந்திருந்த கெட்ட பிரதி இரண்டு பக்கமும் வந்து சேர்வது இப்படித்தான். பெற்றோர் இருவரிடமும் ஒரு கெட்ட பிரதி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வரும், வராது என்றில்லை.

ஆனால் இதைக் கேட்கும் விதம் இருக்கிறதே, அங்கேதான் எனக்குக் கோபம் வரும். மைக்கில் ஒருத்தர், சொந்தத்தில் கட்டாதீர்கள், பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று முழங்குவார். கீழே அப்படிக் கட்டி, அப்படிப் பெற்ற தாய் டோக்கனோடு உட்கார்ந்திருப்பாள். அவள் அடுத்த முகாமுக்கு வரவே மாட்டாள். வீட்டில் மாமியார் பேச்சுக்கு அவளே ஏற்கெனவே ஆளாகியிருப்பாள். அட்டை எழுதும் அக்கா தனியாக, மெதுவாக, "நீங்க ரெண்டு பேரும் முன்னயே உறவாம்மா?" என்று கேட்டால் போதும். மரபணுக் கோளாறு அப்பா வழியும் அம்மா வழியும் சேர்ந்து வந்தது என்பதையும் அதே மெதுவான குரலில் சொல்லிவிடலாம், அந்த வாக்கியம் ஒன்றே பல வீடுகளில் பெண்ணுக்குப் பெரிய துணை. இன்னொன்று. அடிக்கடி எலும்பு உடைந்து வரும் பிள்ளையைப் பார்த்தால், வீட்டில் அடிக்கிறார்களோ என்றும் சந்தேகம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் அந்த முடிவுக்குப் போவதற்கு முன்னால் பிள்ளையின் கண்ணையும் ஒரு முறை பாருங்கள்.

குதிகால் மெஷினைப் பற்றி நான் சொல்வது கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை. மைனஸ் 2.5 என்று அதில் வரும் எண்ணை வைத்து எலும்புப்புரை என்று முடிவுகட்டக் கூடாது. அந்த எல்லைக்கோடு, இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா எடுத்த பெண்களை, அதுவும் மாதவிடாய் நின்றவர்களை, வைத்து வகுத்தது. பிள்ளைகளை இளம் வயதுப் பெரியவர்களோடு ஒப்பிடும் அந்த எண்ணே தப்பு. அவர்களை அவர்கள் வயதுப் பிள்ளைகளோடுதான் ஒப்பிட வேண்டும். தயவுசெய்து 18 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் அந்த மெஷினில் ஏற்றாதீர்கள். கால் வளைந்த பிள்ளைகளில் பலருக்கு வைட்டமின் டி குறைவுதான் காரணமாக இருக்கும், அதை முதலில் பார்க்கட்டும். ஆனால் ஏற்பியே கெட்டுப்போன எலும்புக்குக் கால்சியம் மட்டும் விடை இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு பிஸ்பாஸ்பனேட் மருந்தை டிரிப்பாக ஏற்றி எலும்பு முறிவைக் குறைக்கப் பார்க்கிறார்கள், அது பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் கண்பார்வையில் நடக்க வேண்டிய வேலை.

அப்புறம் இப்போது புதிதாக, எச்சில் எடுத்து ஜீன் டெஸ்ட் செய்து எலும்பு ஜாதகம் சொல்கிறோம் என்று சிலர் முகாம்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் இப்படியொரு பிள்ளை இருந்தால் மரபணுச் சோதனை அவசியம், அதை மரபியல் மருத்துவர் எழுதித் தரட்டும். நம்மைப் போன்ற சாதாரண ஆட்களிடம் எல்ஆர்பி5இல் இருக்கும் சிறு வேறுபாடுகள் எலும்பு அடர்த்தியை மாற்றும் அளவு மிகக் குறைவு என்று 2008இலேயே பெரிய ஆய்வுகள் சொல்லிவிட்டன. அந்தக் காசுக்கு வாரம் நாலு முட்டை வாங்கலாம், நடக்கலாம். எலும்பின் மேல் பாரம் விழும்போது ஸ்க்லெரோஸ்டின் சுரப்பு குறையும், பிரேக் தளரும். வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எழுந்து நடக்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

அட்டையில் என்ன கேட்பது? பிள்ளைக்கு எந்த வயதிலிருந்து பார்வைக் குறைவு. எலும்பு எப்போதாவது உடைந்ததா, எதனால், எத்தனை தடவை. கண்ணின் வெள்ளை நீலமாக இருக்கிறதா. வீட்டில் வேறு யாருக்காவது இரண்டில் ஒன்று உண்டா. பெற்றோர் உறவா. செல்போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் முகாம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம், அன்றைக்கே எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளைக் கூட அனுப்பிவையுங்கள். ஆட்டோ காசை உங்கள் பிளெக்ஸ் பேனர் செலவிலிருந்து எடுக்கலாம்.

கண், எலும்பு இரண்டு பத்தியிலும் ஏதாவது எழுதியிருந்தால் அந்த அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். அந்தக் குழுவிடம் அட்டையின் நகலைக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையை அவர்கள் பார்க்கவே வழியில்லை. உங்களுக்குத்தான் தெரியும், எந்தச் சந்தில், எந்த மாடியில் அப்படியொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று.

அட்டையின் மாதிரி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த முகாமுக்குக் கூப்பிடும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சடிக்கும்போது பின்பக்கத்தில் ஸ்பான்சர் விளம்பரம் போடாமல் காலியாக விடுங்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன என்று எழுத அந்த இடம் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கண் மேசைக்காரி,
தண்டையார்பேட்டை